நடுவில் ஒரு ‘க்’

பிளேடு ஒரே இழுப்பில் போய்விட்டது. ஏழு எழுத்து ரப்பர் முத்திரையிலிருந்து ‘க்’ மட்டும் கழன்று, அரிசி மணி அளவில், சாப்பாட்டு மேசைமேல் விழுந்தது. ஒற்றர் அதைச் சுண்டுவிரலால் ஒதுக்கித் தள்ளினார். ஆறு வருஷமாகக் கண்ணை உறுத்திய தூசி. எடுத்தாயிற்று.

அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷமாகப் பிழை திருத்துகிறவர் அவர். எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்று மோப்பம் பிடித்துக்கொண்டே திரிவதால் அங்கே அவருக்கு ஒற்றர் என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லுக்கு வேவு பார்க்கிறவர் என்றும் அர்த்தம் இருப்பதில் அவர்களுக்கு இரட்டைச் சந்தோஷம். பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது.

இப்போது அவர் உட்கார்ந்திருந்தது அக்கா வீட்டில். அக்கா நான்கு நாளாக ஆஸ்பத்திரியில்.

அக்கா தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் முப்பத்தோரு வருஷம் முத்திரை குத்தியவள். ஓய்வு பெற்றால் கை ஓயும் என்று வீட்டில் நினைத்தார்கள். கை கேட்கவில்லை. அழிரப்பர்களை வாங்கி வந்து பூ, பறவை, எழுத்து என்று செதுக்க ஆரம்பித்தாள். மரக்கட்டையில் ஒட்டினாள். மை டப்பாக்கள் வந்தன. சாப்பாட்டு மேசை போயிற்று. ஆறு வருஷமாக அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள். உள்ளங்கை அளவு அட்டைகள். பிறந்தநாளுக்கு, கல்யாணத்துக்கு, வேலை கிடைத்ததற்கு, கால் எலும்பு கூடியதற்குக்கூட. எல்லாவற்றிலும் ‘வாழ்த்துக்கள்’.

முதல் அட்டை தம்பிக்குத்தான் வந்தது. தம்பி சிவப்பு மையால் ‘க்’கைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் நீக்கற்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார். அடுத்த வருஷமும் ‘க்’ வந்தது. அடுத்த வருஷமும் வட்டம் போயிற்று.

“கள்ங்கிறது பன்மை விகுதி அக்கா. நீ நடுவுல ‘க்’ போட்டு அழுத்தினா அது குடிக்கிற கள்ளாயிடும். வாழ்த்துக் கள்.”

“குடிக்கிறவனுக்கும் சேத்துதான்டா வாழ்த்து. ‘க்’ இல்லாம சொல்லிப் பாரு, பல்லு போனவன் வாழ்த்தற மாதிரி இருக்கு.”

இப்படிப் பேசுகிறவளிடம் இலக்கணத்தை எந்தப் பக்கமிருந்து ஆரம்பிப்பது?

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிற நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அட்டை கொடுக்க வேண்டும் என்று டீச்சர் ஒருவர் கேட்டிருந்தார். நாளைக்குக் கொடுத்தாக வேண்டும். அக்கா ஆறு அட்டை முடித்தபோது மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே போயும் வாய் ஓயவில்லை. நேற்று போன் செய்தாள்.

“மீதி முப்பத்தாறும் நீதான் போடணும். கட்டைய நேரா வெக்கிற ஒரே ஆளு நீதான். வெச்சு, அமுக்கி, நேரா தூக்கு. ஆட்டினா ரெட்டையா விழும். ஆனா ‘க்’குல கை வெக்கக் கூடாது. சத்தியம் பண்ணு.”

“சத்தியம்லாம் எதுக்கு? நான் என்ன சின்னப் பிள்ளையா?”

சத்தியம் பண்ணவில்லை என்பது இன்று காலை அவருக்கு மிகவும் வசதியாக இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் பிழை போகலாமா என்ற கேள்வி அதைவிட வசதியாக இருந்தது.

மையைத் தட்டி, முதல் அட்டையில் கட்டையை வைத்து, அமுக்கி, நேராகத் தூக்கினார். அழகாக விழுந்திருந்தது.

வாழ்த்து கள்.

‘க்’ இருந்த இடம் காலியாக இருந்தது. வாழ்த்து, ஓர் இடைவெளி, அப்புறம் கள். ஆறு வருஷமாக எதைச் சொல்லி அக்காவை மிரட்டினாரோ, அதையே தன் கையால் அச்சடித்து வைத்திருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. இரண்டாவது அட்டையில் கட்டையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார். மூன்றாவதில் பாதி பாதியாக மை போட்டு ஒட்ட வைக்கப் பார்த்தார். கள் நகரவில்லை.

அப்போது போன் வந்தது. அக்காவின் மகள்.

“மாமா, உடனே வாங்க. டாக்டர் எல்லாரையும் வரச் சொல்றாங்க.”

வீட்டைப் பெருக்க வருகிற பெண் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது என்று மூன்று அட்டைகளையும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, கை கழுவாமல் ஓடினார்.

அக்கா தலையணையில் சாய்ந்து, மூக்கில் குழாயோடு இருந்தாள். தம்பி கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றதும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள்.

“இது என்ன ஊதா? நீலந்தானே சொன்னேன்.”

“நீல டப்பா காஞ்சு கெடக்கு.”

“கவுத்து வெச்சா காயாது. நீ மல்லாக்க வெச்சிருப்ப.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “எத்தன முடிஞ்சுது?”

“நடக்குது.”

“நடக்குதுன்னா எத்தன?”

“மூணு.”

“காலையிலேருந்து மூணா? இதுக்கு நான் செத்தே போயிடலாம்.”

“அம்மா,” என்றாள் மகள். பேச வைக்காதீர்கள் என்று மாமாவிடம் கண்ணால் சொன்னாள். யார் யாரைப் பேச வைக்கிறார்கள் என்று மாமா கண்ணாலேயே பதில் சொன்னார்.

“பையில என்ன? அட்டைதானே. எடு.”

எடுக்காமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. ஒன்றை உருவினார். மகள் அம்மாவின் கண்ணாடியைத் தேடிக் கைப்பையைக் குடைந்தாள்.

“கண்ணாடி வேணாம். அவன் படிக்கட்டும். ஊரான் எழுதுனதயெல்லாம் படிக்கிறான், இத ஒரு தடவ படிக்கட்டும்.”

ஒற்றர் அட்டையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அச்சில் இருப்பதை இருக்கிறபடி படிப்பதுதான் அவர் தொழில். முப்பத்தைந்து வருஷத்தில் ஓர் எழுத்துக்கூட அவர் கூட்டிப் படித்ததில்லை.

“வாழ்த்துக்கள்,” என்றார். ‘க்’ கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். “இன்னொரு தடவ.”

“வாழ்த்துக்கள்.”

“இத உன் வாயால கேக்க நான் இங்க வந்து படுக்க வேண்டியிருக்கு.” சிரிக்கப் போய் இருமினாள். இருமல் அடங்க நேரமாயிற்று. “நேரா விழுந்திருக்கா?”

“நேரா இருக்கு.”

“அப்ப இங்க நின்னு என்ன பண்ற? போ. நாளைக்கு டீச்சர் வந்து நிப்பாங்க.”

படியிறங்கும்போது அவருக்கு எரிச்சலாக இருந்தது. சாகக் கிடக்கிறவளிடம் போய்ப் பொய். அதுவும் ஓர் ஒற்றை வைத்து. சாயங்காலத்துக்குள் பசை வாங்கி, வெட்டின துண்டை ஒட்டி, ஒழுங்காகப் போட்டு எடுத்து வந்து காட்டிவிட வேண்டும். நான்தான் வெட்டினேன், நானே ஒட்டினேன் என்று சொல்லிவிட வேண்டும். அவள் திட்டுவாள். திட்டட்டும். திட்டு வாங்கி வாங்கிக் காது மரத்துத்தான் போயிருக்கிறது.

எதிரில் இருந்த கடையில் பசை கேட்டு நின்றபோது மகள் மறுபடி கூப்பிட்டாள். போனில் அழுகை மட்டும் கேட்டது. கடைக்காரர் சின்ன ட்யூபா பெரிய ட்யூபா என்று இரண்டு தடவை கேட்டார்.

இவ்வளவு அவசரமா? அவருக்கு அக்கா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. சின்ன வயதிலிருந்தே இதுதான். சண்டையில் கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே நின்று தட்டிக்கொண்டிருக்க வேண்டியது தம்பி.

ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘இயற்க்கை மரணம்’ என்று அச்சடித்திருந்தது. அங்கேயும் வேண்டாத ஒரு ‘க்’. பேனாவை அதன் மேல் கொண்டுபோனார்.

“சார், கையெழுத்து அங்க இல்ல. கீழ,” என்றார் கவுன்ட்டர்காரர்.

கீழே போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது. தரை பெருக்கியிருந்தது. குப்பைத் தொட்டி காலி. அந்தப் பெண் ஒருநாளும் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்ததில்லை என்று அக்கா புலம்பிக்கொண்டே இருப்பாள். இன்றைக்கென்று செய்திருந்தாள். ஒற்றர் முழங்காலிட்டு மேசைக்கு அடியில் தடவினார். ஒரு பேனா மூடி கிடைத்தது.

“என்ன தேடறீங்க மாமா?”

“ஒண்ணுமில்ல.”

அக்காவின் மகள் உறவுக்காரர்களுக்கெல்லாம் சொல்லி முடித்து, போனை அணைத்து வைத்திருந்தாள். நாளைக் காலை பத்து மணிக்கு அடக்கம். மேசையில் கிடந்த கட்டையை எடுத்துப் பார்த்தாள். எழுத்துகள் ரப்பரில் திரும்பி, வலமிருந்து இடமாக இருந்தாலும் அம்மாவின் மகளுக்கு அதைப் படிக்கத் தெரியும்.

“‘க்’ எங்க?”

“நான்தான் வெட்டினேன்.” அப்புறம், கேட்காமலே சொன்னார்: “அக்காவுக்குத் தெரியாது. இருக்கிற மாதிரி படிச்சுட்டேன்.”

மகள் கட்டையைக் கீழே வைத்தாள்.

“மாமா, அம்மாவுக்குக் கிட்டத்துல பாக்கத்தான் கண்ணாடி வேணும். தூரத்துல நல்லாவே தெரியும். நீங்க கால்மாட்டுல நின்னு, அட்டைய மொதல்ல அவங்க பக்கம் காட்டித்தான் எடுத்தீங்க.”

ஒற்றர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தெரிஞ்சேதான் படிக்கச் சொன்னாளா?”

“தெரியல மாமா.”

“ரெண்டு தடவ படிக்கச் சொன்னாளே.”

“தெரியல,” என்றாள் மறுபடியும். அவள் முகத்தில் அழுகைக்கு நடுவே சிரிப்பு ஒன்று வந்து, நிற்க இடமில்லாமல் போயிற்று. “டீச்சருக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன். அட்டையெல்லாம் வேணாம். நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க.”

“நாப்பத்திரெண்டு பிள்ளைங்க. ஆறு பேருக்கு மட்டும் குடுப்பாங்களா?” என்றார் எரிந்து விழுந்து. “எனக்கு ஓர் அழிரப்பர் எடு.”

அக்கா மேசை இழுப்பறையில் புது அழிரப்பர்கள் அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றின் மூலையை வெட்டி, பிளேடு நுனியால் ‘க்’ செதுக்கினார். துக்கம் விசாரிக்க வந்த சித்தப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டு, இந்த நேரத்தில் இவனுக்கு என்ன விளையாட்டு என்று யாரிடமோ முணுமுணுத்தார். ஒற்றர் நிமிரவில்லை. அரைமணி நேரம் செதுக்கி, மை தொட்டு, பழைய தாளில் அமுக்கினார். ‘க்’ இடமும் வலமும் மாறி விழுந்தது. நேராகச் செதுக்கியிருந்தார். வாழ்நாளெல்லாம் எழுத்தைப் பார்த்தே வயிறு வளர்த்தவருக்கு ரப்பரில் அதைத் திருப்பிப் போட வேண்டும் என்பது தோன்றவில்லை. இதைத்தான் அவள் ஆறு வருஷமாக மூச்சு விடுகிற மாதிரி செய்துகொண்டிருந்தாள். ஒரு தடவைகூட அவர் அதைச் சொன்னதில்லை. வட்டம்தான் போட்டார்.

இரண்டாவது ‘க்’ ஒடிந்தது. மூன்றாவதில் புள்ளி தனியாகப் பறந்தது. நான்காவது சரியாக விழுந்தது, ஆனால் பெருத்துவிட்டது. பரவாயில்லை என்று அவர் வாயிலிருந்து வந்த சொல் அவருக்கே புதிது. முதலில் அக்காவின் கட்டை. வைத்து, அமுக்கி, நேராகத் தூக்கு. பிறகு நடுவில் அந்தத் துண்டு. விரல் நகம் வலிக்க வலிக்க, ஒவ்வோர் அட்டையிலும். சட்டைப்பையில் கசங்கியிருந்த மூன்றையும் நிமிர்த்தி அவற்றிலும் போட்டார். பொழுது சாய்வதற்குள் இருபது முடிந்தது. மீதியை மறுநாள் அடக்கம் முடிந்து வந்து, சட்டை மாற்றாமல் உட்கார்ந்து முடித்தார்.

நான்கு மணிக்கு டீச்சர் வந்தார். விஷயம் தெரிந்திருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அட்டைகளை இன்றைக்கே எதிர்பார்த்து வரவில்லை என்றும் சொன்னார். ஒற்றர் ஓர் அட்டைப்பெட்டியில் நாற்பத்திரண்டையும் நிறுத்தி வைத்திருந்தார். டீச்சர் ஒன்றை எடுத்தார். பார்த்தார். வேறொன்றை எடுத்துப் பார்த்தார்.

“ரொம்ப அழகா இருக்கு சார்.” தயங்கினார். “நீங்க பிழை திருத்தற வேலையில இருக்கீங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க. அதான் கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. இதுல நடுவுல ‘க்’ வராதே?”

மகள் மாமாவைப் பார்த்தாள்.

ஒற்றருக்குச் சூத்திரம் தெரியும். உதாரணங்கள் தெரியும். எந்தெந்த அகராதியில் எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரியும். இதே கேள்வியைக் கேட்கச் சொல்லி ஆறு வருஷமாக அவரே ஒரு துணை தேடிக்கொண்டிருந்தார். இப்போது வந்து நிற்கிறார், நேரம் பார்த்து.

“வரும்,” என்றார்.

ஒற்றர் விதியைச் சொல்வார் என்று டீச்சர் காத்திருந்தார். கொஞ்சம் பொறுத்து டீச்சர் தலையாட்டிவிட்டு, அட்டையைப் பெட்டியில் வைத்து, வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். ஒற்றர் பெட்டியை நீட்டினார், ஆனால் விடவில்லை. இரண்டு பேரும் அதைப் பிடித்தபடி நின்றார்கள்.

“மேல ஒண்ணும் அடுக்காதீங்க டீச்சர்,” என்றார். “அந்த ‘க்’ இன்னும் காயல.”