இலையடிச் சுணை

நாற்றங்காலின் நிழல்வலைக்குக் கீழே கன்றுகள் இடுப்பு உயரம் வளர்ந்து நின்றன. அதுதான் அவளுக்கு உறுத்தியது. மேல்மரத்துக் கன்று இப்படித் துள்ளாது. முழங்காலைத் தாண்டவே அதற்கு மனசு வராது. லாரி ஓட்டுநர் வந்ததும் வராததுமாக, "என்னக்கா, டானிக் ஊத்தி வளத்தீங்களா?" என்று சிரித்தான். அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

அந்த மலையில் கூடப்பிறந்தவர்கள் மாதிரி இரண்டு மரங்கள். உச்சியில் பனிக்குள் நிற்பது மேல்மரம், சரிவெங்கும் மண்டிக் கிடப்பது கீழ்மரம். நாற்றங்காலில் வைத்த பெயர்கள் இவை. முன்பெல்லாம் கீழ்மரம் பூத்து ஓய்ந்த பிறகுதான் மேல்மரம் பூக்கும். இப்போது குளிர் குறைந்துபோனதில் மேல்மரமும் முந்திக்கொள்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் பூத்தால் காற்றுக்குக் கேட்கவா வேண்டும்? கீழ்மரத்து மகரந்தத்தை வாரிக்கொண்டு மேலே ஏறிவிடுகிறது. கலப்புக் கன்று பிறக்கிறது. மரத்தின் மேல் குற்றமில்லை, அது தானாக நடக்கிற காரியம். ஆனால் உச்சியில் மிச்சமிருக்கும் மேல்மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றின் பக்கத்தில் கலப்பைக் கொண்டுபோய் நட்டால் இனி விழுகிற விதையெல்லாம் கலப்புத்தான். மேல்மரம் என்று ஒன்று இருந்த தடமே இருக்காது.

அதைத் தடுக்கத்தான் அவள் வீட்டுக்காரர் வருஷா வருஷம் மரமேறி, பூ விரியும் முன்பே காகிதப் பை கட்டி மூடுவார். பிறகு மேல்மரத்து மகரந்தத்தை உள்ளே தூவி மறுபடி கட்டுவார். கடைசியாக அவர் ஏறியது உச்சியிலேயே மூத்த மரத்தில். சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போய், கிளை எது காற்று எது என்று காலுக்குத் தெரியாத நிலை. கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் திட்டத் திட்ட ஏறினார். அந்த மரமும் அடுத்த புயலில் முறிந்து விழுந்துவிட்டது. அது விட்டுப்போனது இந்தக் கன்றுகள் மட்டுமே.

போன வாரம் தண்ணீர் விடும்போது அவள் ஓர் இலையைத் திருப்பித் தடவிப் பார்த்தாள். மேல்மரத்து இலையின் அடியில் பூனைக்குட்டி முதுகு மாதிரி சுணை இருக்கும். இது வழவழவென்று இருந்தது. இன்னொன்று. அதுவும் வழவழ. கடைசிக் கன்று வரை அப்படித்தான். அந்த வருஷம் பூ முந்தி விரிந்ததில், பை கட்டும் முன்பே கீழ்மரத்து மகரந்தம் உள்ளே புகுந்துவிட்டிருந்தது.

அவரிடம் அவள் சொல்லவில்லை. காலையில் அவர் காலுக்குக் கட்டு மாற்றி, சோறாக்கி, நாற்றங்காலுக்கு ஓடி, திரும்பி வந்து மறுபடி கட்டு மாற்றி என்று பிழைப்பு போகிறது. இதில் அந்தப் பொல்லாத வார்த்தையையும் தானே சொல்ல வேண்டுமா? அவர் தடவிப் பார்த்து அவரே தெரிந்துகொள்ளட்டும். அதுவரை தன் முகத்தைப் பார்த்து அவர் பயந்துவிடக் கூடாது. அவ்வளவுதான் அவள் யோசித்தது. அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

நாற்றங்காலில் அவருக்கு 'நீதிபதி' என்று பட்டப்பெயர். ஆய்வுக்கூடத்து முடிவு மழை முடிந்துதான் வரும், நடவு அதுவரை காத்திருக்காது. அதனால் எது மேல்மரம், எது கலப்பு என்று இலையைத் தடவி அவர் கட்டைவிரல் சொல்வதுதான் தீர்ப்பு. பின்னால் வரும் முடிவும் அப்படியேதான் இருக்கும்.

இன்றைக்கும் அவர் கைத்தடியை ஊன்றி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அவள் முதல் கன்றை நீட்டினாள். இலையைத் திருப்பித் தடவினார், அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"நல்ல கன்று. ஏத்து."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு அடுத்ததை நீட்டினாள். அதுவும் நல்ல கன்று. அதற்கடுத்ததும். நாலைந்து போனதும் அவள் தன் விரலையே சந்தேகப்பட்டாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துத் தேய்ந்த விரல், அதற்கு என்ன தெரியும்? அவர் தப்பாகச் சொன்னதில்லையே. அப்படியே நம்பிவிட அவளுக்கு ஆசையாக இருந்தது. ஒரு வாரமாகத் தூக்கிச் சுமந்ததை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

ஒன்றுகூடக் கழியாமல் எல்லாம் லாரியில் ஏறின. லாரி உச்சிப் பாதையில் கிளம்பிப் போனது.

அவள் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவர் பாதி குடித்துவிட்டு, "ஒண்ணு சொல்லணும், திட்டக் கூடாது" என்றார்.

"சொல்லுங்க."

"கால் மட்டும் மரத்துப்போகல. கையும்தான். ரெண்டு வருஷமா இந்த விரல்ல எதுவும் தெரியறதில்ல."

"அப்ப இவ்வளவு நாளா எப்படிப் பாத்தீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்துத்தான். என்கிட்ட நீட்டறதுக்கு முன்னாடியே நீ தொட்டுப் பாத்திருப்பே. கலப்புன்னா உன் புருவம் தானா ஏறிடும். கல்யாணமான நாள்லேர்ந்து பாக்கற மூஞ்சி, எனக்குத் தெரியாதா? இன்னிக்கு ஒரு தடவைகூட ஏறலியே. எனக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருக்குடி."

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மறைத்த இந்த மனுஷன் மேல், மறைத்த தன் மேல், ஊரெல்லாம் சுற்றி வந்து பூவுக்குள் புகுந்த அந்தக் காற்றின் மேல். இப்போது பேசாமல் இருந்துவிட்டால் அவர் நிம்மதியாகத் தூங்குவார். உச்சியில் நாளைக்கே குழி தோண்டிவிடுவார்கள்.

கைப்பேசியை எடுத்து ஓட்டுநரைக் கூப்பிட்டாள். "தம்பி, வண்டியத் திருப்பு. ஒரு கன்றக்கூட இறக்காதே."

"என்னக்கா, பாதி தூரம் ஏறிட்டேனே!"

"திருப்புன்னா திருப்பு."

"எதுக்குடி?" என்றார் அவர்.

அவள் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஒரு வாரமாக இறுக்கி வைத்திருந்ததை விட்டுவிட்டு முகத்தை நிமிர்த்தினாள்.

"இப்பப் பாருங்க."

அவர் பார்த்தார். டம்ளரைக் கீழே வைக்கத் தரையைத் தேடினார், தேநீர் சிந்தியது.

"எல்லாமா?" என்று கேட்டார்.

"எல்லாந்தாங்க."