பிரிட்டோ திருத்திய பக்கம்

வீட்டில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே பிளக்கை உடலைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்குக் கொடுத்தாகிவிட்டது. அண்ணன் பிரிட்டோவின் லேப்டாப்பை, இருக்கிற சார்ஜே போதும் என்று உள்ளறையில் திறந்து வைத்தாள் லில்லி. கூடத்தில் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாதக்கணக்கில் டயாலிசிஸுக்கு அலைந்தவனின் உயிர் இன்று காலையில் அடங்கியிருந்தது. அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

கணினி நிரல் எழுதுகிறவர்கள் தாங்கள் செய்யும் மாற்றங்களைப் படிப்படியாகப் பத்திரப்படுத்த ஒரு மென்பொருள் உண்டு. அதன் கட்டளைகளுக்குத் தமிழில் கையேடு எழுதும் குழுவில் பிரிட்டோ இருந்தான். காசு பைசா கிடையாது. ஏதோ ஒரு விளக்கத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு கல்லூரிப் பெண் தன் புராஜெக்ட்டைத் தொலைத்துவிட்டு, அவனிடம் போனில் அழுதாளாம். ஊசி குத்திய கையோடு அந்த ஒரு பக்கத்தையே மாற்றி மாற்றி எழுதினான்.

"முடிச்சிட்டேன் லில்லி. நாளைக்குப் புதுக் கையேடு வருது. அதுக்குள்ள அனுப்பிடு" என்று நேற்று ஆஸ்பத்திரியில் சொன்னான். அவன் கேட்ட கடைசி உதவி அதுதான்.

அனுப்பப் போனால், மற்றவர்கள் செய்த மாற்றங்களோடு மோதுகிறது என்று திரை அடம்பிடித்தது. போனில் பழைய கையேட்டைப் புரட்டினாள். 'இக்கட்டளை கோப்பை மீண்டும் சரியான நிலைக்குக் கொண்டுவரும்' என்றிருந்தது. அப்பாடா என்று அந்தக் கட்டளையை அப்படியே அடித்தாள். திரை மறுபேச்சு பேசவில்லை.

அண்ணனின் பக்கத்தைத் திறந்தாள். அவன் எழுதியது ஒரு வரிகூட இல்லை. இருந்தது அதே பழைய வாக்கியம்: 'இக்கட்டளை கோப்பை மீண்டும் சரியான நிலைக்குக் கொண்டுவரும்.'

இந்தப் பக்கத்தையா இத்தனை நாள் திருத்தினாய், பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

பிறகு அந்த வாக்கியத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் தானே புதிதாக எழுதினாள். பத்திரப்படுத்தி, பிரிட்டோவின் பெயரிலேயே அனுப்பினாள்.

அப்பா அந்தோணிசாமி அறை வாசற்படியில் வந்து நின்றார்.

"சாமியார் வந்துட்டாரும்மா. பெட்டிய மூடப் போறாங்க, வா. அவன் சொன்னத அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்பா."

"அப்பிடி இன்னாதான் எழுதுனான்? எனக்குப் படிச்சிக் காட்டு."

லில்லி படித்தாள். "இதை அடித்தால், நீங்கள் பத்திரப்படுத்தாமல் வைத்திருக்கும் எழுத்தெல்லாம் அழிந்துபோகும். உங்களை ஒரு வார்த்தை கேட்காது. திரும்பக் கிடைக்காது. பார்த்து அடியுங்கள்."

அவர் கிட்டே வந்து குனிந்து திரையைப் பார்த்தார்.

"எனக்கே புரியுதேம்மா" என்றார். "நல்லா எழுதியிருக்கான்."

லில்லி தலையை ஆட்டினாள். அவர் தோளில் கிடந்த துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் பின்னாலேயே கூடத்துக்குப் போனாள்.