அளவு மாறாத மூன்றாவது ஷீட்

1

முதலில் ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை நான் எழுதிய ஒரு விளம்பர வரியிலிருந்து வந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி, புண்ணுக்குப் போடும் ஜெல் ஷீட் தயாரிக்க இறங்கியது. தமிழில் விளம்பரத் தாள் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். ‘எவ்வளவு ஊறினாலும் அளவு மாறாது’ என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டில் பெருமையாக வாசித்துக்கூடக் காட்டினேன். அந்த ஷீட்டுக்கு அதைவிடப் பெரிய குறை கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

என்னைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. அதனால் பூபாலனைப் பற்றி எழுதுகிறேன்.

2

முதல் வரைவு: பூபாலன் நல்லவர், யாருக்கும் மனதால்கூடத் தீங்கு நினைக்காத, இருபத்திரண்டு வருட

(நிறுத்திவிட்டேன். ஜாமீன் மனு எழுதுவது போல இருக்கிறது.)

இரண்டாம் வரைவு: பூபாலன் அந்தக் கம்பெனியின் குவாலிட்டி இன்சார்ஜ். துணியில் கட்டம் போட்டு, துவைத்து, காயவைத்து, மறுபடி அளப்பார். கட்டம் கொஞ்சம் மாறியிருந்தாலும் துணி திரும்பிப் போகும். ஜெல் ஷீட்டையும் அவரிடமே கொடுத்தார்கள். அவரும் அதில் கட்டம் போட்டார்.

அக்ஷரா கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆன பெண். மூன்று விதமாக ஷீட் செய்து வைத்திருந்தாள். தண்ணீரில் போட்டதும் முதலாவது ஊதிக் குழைந்து, எடுத்தபோது பிய்ந்து கையோடு வந்தது. இரண்டாவதும் ஊதியது, ஆனால் பிய்யவில்லை. மூன்றாவது போட்டது போட்டபடியே கிடந்தது.

“ரெண்டாவதுதானுங்க சார் சரியானது. அது ஊதோணும். அப்பத்தான் புண்ணுல கசியற தண்ணிய உறிஞ்சும்.”

“கண்ணு, தண்ணியில போட்டா அளவு மாறுற சரக்க நான் இன்னிக்கு வரைக்கும் பாஸ் பண்ணுனதில்ல.”

மூன்றாவதற்குக் கையெழுத்துப் போட்டார்.*

* ஜெல்லுக்குள் நீளநீளமான பாலிமர் சங்கிலிகள் இருக்கின்றன. அவற்றை ஆங்காங்கே ஒன்றோடொன்று கட்டிவைப்பதைக் குறுக்குப் பிணைப்பு என்கிறார்கள். பிணைப்பு குறைந்தால் ஜெல் தண்ணீரை நிறையக் குடித்துக் குழைந்துவிடும். மிஞ்சினால் விறைத்துப்போகும், நடுவில் தண்ணீர் புக இடமிருக்காது. ஈரம் இல்லாத ஷீட் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பின்னலை இறுக்கினால் துணி விறைக்கும் என்பது பூபாலனுக்குத் தெரியாததா? தெரிந்தும், அந்தப் பெண் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. நான் யாரிடமும் எதையும் கேட்கவே இல்லை.

3

மூக்கம்மாள் அதே கம்பெனியில் அயர்னிங் செக்ஷனில் வேலை பார்ப்பவர். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஒருநாள் ஸ்டீம் பட்டு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துவிட்டது. பூபாலன் மனம் பொறுக்காமல் தானே ஓடிப்போய் ஒரு ஷீட்டை எடுத்துவந்து ஒட்டிவிட்டார். (முதலாளி சொல்லித்தான் ஒட்டினார் என்று எழுதப் பார்த்தேன். பொய். யாரும் சொல்லவில்லை.) மூன்றாம் நாள் ஷீட் காய்ந்து புண்ணைக் கவ்விக்கொண்டது. உரித்தபோது புதுத் தோலும் சேர்ந்து வந்தது.

மறுநாள் மூக்கம்மாளே அவரைத் தேடி வந்தார்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. ஒங்க மருந்த வீணாக்கிட்டேன். எந் தோலு அப்பிடி. எதுவும் ஒத்துக்கிடாது.”

“அப்படியெல்லாம் இல்லீங்க” என்றார் பூபாலன். கூனிக் குறுகி நின்றார். தன் தவறுக்குத் தன்னிடமே ஒருத்தி வந்து மன்னிப்புக் கேட்கிறாள் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

மிச்சத்தை அக்ஷரா எனக்கு ஃபோனில் சொன்னாள். அரசு மருத்துவமனையில் நர்ஸ் நல்ல ஜெல் ஷீட் ஒன்றை ஒட்ட எடுத்திருக்கிறார். மூக்கம்மாள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, “ஜெல்லு எனக்கு ஆவாதும்மா” என்று எழுந்து வந்துவிட்டார். இப்போது வெறும் தேங்காய் எண்ணெய்தான். புண் சீழ் வைத்துவிட்டது.

4

முடிவு அ: பூபாலன் உண்மையைச் சொல்லிவிடுகிறார். மூக்கம்மாள் சிரித்துக்கொண்டே, “போட்டும் அண்ணாச்சி” என்கிறார்.

(அடித்துவிட்டேன். அவர் மன்னித்தால் எனக்கும் நிம்மதி. அதற்காகவே எழுதியது.)

முடிவு ஆ: பூபாலன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு மூக்கம்மாள் வீட்டுக்குப் போகிறார். நலம் விசாரிக்கிறார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்புகிறார்.

(இது நடந்தது. இரண்டு முறை. இரண்டாம் முறை நானும் கூடப் போனேன். புண்ணான கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, மறு கையால் காப்பி ஆற்றிக் கொடுத்தார். இருவரும் குடித்தோம்.)

5

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் திருப்பூரில் மூக்கம்மாள் இருக்கும் அருள்புரம் பக்கம் போனால் அவரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் மூக்கம்மாள் என்பது நான் வைத்த பெயர். நாங்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மாற்றிவிட்டேன். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார் என்று அடையாளம் சொல்லலாம், ஆனால் அங்கே முக்கால்வாசிப் பெண்கள் அப்படித்தான் போகிறார்கள். அதனால் ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருக்கும்: உங்கள் தோலில் ஒரு குறையும் இல்லை, ஷீட்தான் தப்பு, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று.

யார் சொன்னது என்று அவர்களில் ஒருவர் கேட்பார். வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போன இரண்டு பேர் என்று சொல்லுங்கள். அவருக்குப் புரியும்.