சாங்வி மைதானத்தில் விழுந்த விமானங்கள்

சாங்வியைத் தாண்டி ஆற்றோரம் கிடந்த தரிசில், தொண்ணூற்று நான்கில் ஸ்வாமிநாதன் ரிமோட்டில் பறக்கும் சின்ன மாதிரி விமானங்களுக்கான கிளப்பைத் தொடங்கினார். ராணுவத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முட்செடிகளை வெட்டி, ஓடுபாதைக்கு ரோலர் ஓட்டி, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிச் சேர்த்தது அவர்தான். சில வருடங்கள் சச்சரவில்லாமல் போயின. பிறகு விமானங்கள் விழ ஆரம்பித்தன.

என்ஜின் நின்று விழுந்திருந்தால் யாரும் பேசியிருக்கமாட்டார்கள். இவை நன்றாகப் பறந்துகொண்டிருக்கும்போதே ரிமோட்டுக்குக் கட்டுப்படாமல் தலைகுப்புறப் போய் மண்ணில் குத்தின. ஒரே சேனலில் இரண்டு ரிமோட் இயங்கினால்தான் அப்படி ஆகும். அதைத் தவிர்க்கவே மைதானத்தில் ஒரு பலகை வைத்து, சேனலுக்கு ஒன்றாகத் துணி கிளிப் மாட்டியிருந்தார்கள். கிளிப்பை எடுத்துத் தன் ஏரியலில் மாட்டிக்கொண்டவர் மட்டுமே அந்தச் சேனலில் விடலாம்.

"எவனோ வேணும்னே செய்யுதான்" என்றான் டேனியல். தன் விமானத்தின் உடைந்த இறக்கையைக் கையில் வைத்திருந்தான்.

எல்லார் கண்ணும் அப்துல் காதர் பக்கம் போனது. கேம்ப் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அவருடைய விமானம் ஒருமுறைகூட விழவில்லை. யாரும் வாய்விட்டுச் சொல்லாத வேறொரு காரணமும் இருந்தது. டேனியலின் மனைவி ஜான்சிக்கு அது புரிந்தது. கிளப்பில் விமானம் விட்ட ஒரே பெண் அவள். சாகணில் கார் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் வேலை.

"பையைத் திறங்க பாய்" என்றான் டேனியல்.

"திறந்து பாருங்க. டப்பாவையும் பாருங்க, உள்ள சப்பாத்திதான் இருக்கு" என்றார் காதர். பையில் பேட்டரிகளும் ஸ்க்ரூடிரைவரும்தான் இருந்தன. காதர், ஓரமாக வேனில் உட்கார்ந்திருந்த ஸ்வாமிநாதனைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க சார்?"

"சந்தேகம்னு வந்துட்டா கொஞ்ச நாள் விலகி இருக்கறதுதான் மரியாதை, காதர்."

காதர் விமானத்தை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு வரவில்லை. பலகையிலிருந்து அவருடைய கிளிப்பையும் கழற்றிவிட்டார்கள். மழைக்காலம் முழுவதும் பறக்க வழியில்லை. தசராவுக்குப் பிறகு மைதானம் காய்ந்ததும், முதல் ஞாயிறே ஒரு விமானம் விழுந்தது.

"இங்கதான் எங்கயோ ஒளிஞ்சிருக்கான்" என்று டேனியல் நாணல் புதருக்குள் ஓடினான். ஜான்சியும் போனாள். இரண்டு எருமைகள் சேற்றில் படுத்திருந்தன. வேறு யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள், "அது விழும்போது உங்க ரிமோட் எங்க இருந்துச்சு?"

"ஏட்டி, என்னையவே சந்தேகப்படுதியா?"

"எல்லாரையுந்தான்."

டேனியல் சாப்பிடாமல் எழுந்து போனான். அவள் யோசித்தபடி உட்கார்ந்திருந்தாள். விழுந்தவை எல்லாம் ஒரே சேனல் இல்லை. சேனலை மாற்ற வேண்டுமானால் ரிமோட்டுக்குள் இருக்கும் நகத்தளவு கிரிஸ்டலை மாற்ற வேண்டும்; அதன் ஜோடி விமானத்துக்குள் இருக்கும். எல்லாச் சேனலின் கிரிஸ்டலும் வைத்திருப்பவர் யார்? உறுப்பினர்களுக்கு அவசரத்துக்குக் கொடுக்க கிளப்பில் ஒரு பெட்டி உண்டு. அது எப்போதும் ஸ்வாமிநாதனின் வேனில்தான் இருக்கும்.

நினைத்ததும் அவளுக்கே கூசியது. டேனியலிடம் சொல்லவில்லை, சொன்னால் அவன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் வேலை விட்டு வரும் வழியில் காதரின் கடைக்குப் போனாள்.

"உங்க கிரிஸ்டல் ஜோடியைக் கொஞ்சம் கொடுங்கண்ணே."

"கிளப் பெட்டியில கேக்கலாமே, தங்கச்சி?"

அவள் வேண்டாமென்று தலையசைத்தாள். காதர் கையிலிருந்த சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தார். "அவரா?"

"தெரியல. தெரிஞ்சுக்கணும்."

ஒரு சின்ன டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "எனக்காகச் செய்யறதா இருந்தா வேண்டாம்."

"எனக்காகத்தான்."

அந்த ஞாயிறு ஜான்சி வழக்கம்போல் தன் சேனல் கிளிப்பை எடுத்து ஏரியலில் மாட்டினாள். ஆனால் ரிமோட்டிலும் விமானத்திலும் போட்டிருந்தது காதரின் கிரிஸ்டல் ஜோடி; அவர் போன பிறகு அந்தச் சேனலில் யாரும் விடுவதில்லை. விமானம் ஏறியது. அவளுடைய பழைய சேனலில் வைத்த இன்னொரு விமானத்தை, சுவிட்சைப் போட்டு, காலடியில் புல்லில் நிறுத்தியிருந்தாள். எதற்கு அது என்று கேட்டவர்களிடம், பேட்டரி சோதிப்பதாகச் சொன்னாள்.

மேலே விமானம் பெரிய வட்டம் போட்டது. திடீரென்று புல்லில் நின்ற விமானத்தின் வால் இடது பக்கம் முழுசாகத் திரும்பி அப்படியே நின்றது. பிறகு வலது. மறுபடி இடது. அந்தச் சேனலில் அங்கே யாரும் ரிமோட் வைத்திருக்கக் கூடாது.

"இதைப் பிடிங்க" என்று ரிமோட்டை டேனியல் கையில் கொடுத்துவிட்டு வேனை நோக்கி நடந்தாள். ஸ்வாமிநாதன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றப் பார்த்தார்; விரல் பிடிமானம் கொள்ளவில்லை. மடியில் செய்தித்தாள். அதை அவள் விலக்கினாள். ரிமோட்டின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஏன் சார்?"

அவர் வானத்தையே பார்த்தார். அவளுடைய விமானம் ஏன் விழவில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"ரெண்டு வருஷமா கை நிக்க மாட்டேங்கறது, ஜான்சி. பறக்க விட முடியலை. இது நான் உண்டாக்கின இடம். நான் மட்டும் வேன்ல உக்காந்து வேடிக்கை பாக்கணுமா?"

"காதரண்ணன் என்ன செஞ்சாரு?"

"அவன் பேரை நான் சொல்லலையே. நீங்களாத்தானே சொன்னேள்."

அவள் கை நீட்டி ரிமோட்டின் சுவிட்சை அணைத்தாள். பின்னால் வந்து நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்தார்கள்.

ஸ்வாமிநாதன் அதன் பிறகு வரவில்லை. விமானங்களும் விழவில்லை. ஆனாலும் கிளப் பழையபடி ஆகவில்லை. ஒருவன் விமானம் ஏறும்போது மற்றவர்கள் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. பிறகு பேச்சு நின்றது. இரண்டாயிரத்து நான்கில் அங்கே அடுக்குமாடிக் கட்டடம் எழும்பியபோது பலகையைக் கழற்றக்கூட யாரும் போகவில்லை.

ஸ்வாமிநாதன் பிடிபட்ட வாரமே காதரிடம் டேனியல் மன்னிப்புக் கேட்கப் போனான். அவர் டீ வரவழைத்துக் கொடுத்தார், மழையைப் பற்றிப் பேசினார், திரும்பி வருவதாக மட்டும் சொல்லவில்லை. அடுத்த வருடம் சாகண் பக்கம் ஒரு திடலைப் பிடித்து நாலைந்து பேரோடு பறக்க விட ஆரம்பித்தார். ஜான்சி முதல் நாளே போனாள்.

டேனியல் வெகுநாள் கழித்து ஒரு ஞாயிறு வந்தான். பைக்கை விட்டு இறங்காமல் வரப்போரம் நின்றான். காதர் அவனைக் கூப்பிடவில்லை. போகவும் சொல்லவில்லை. தன் விமானத்துக்கு எரிபொருள் ஊற்றிக்கொண்டிருந்தார்.