மேலாளர் நாற்காலியின் சுற்று

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். உணரிகளைச் சுழல்மேஜையில் பொருத்திச் சுற்றவிட்டு, வேகத்தைச் சரியாகச் சொல்கின்றனவா என்று பார்ப்பது அவள் வேலை. ஒவ்வொன்றும் நகத்தளவு சில்லு. உள்ளே கண்ணுக்குத் தெரியாத, முள்கரண்டி போன்ற கவை ஒன்று ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். சில்லைத் திருப்பினால் அந்த அதிர்வு பக்கவாட்டில் ஒதுங்கும். எவ்வளவு ஒதுங்குகிறதோ அவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று அர்த்தம்.

போன மாதம் மேலாளர் எல்லோருடைய சுழல் நாற்காலிகளையும் பிடுங்கிக்கொண்டார். "வேலை செய்யற இடத்துல ராட்டினம் எதுக்கு?" என்று ஆளுக்கொரு முக்காலியைத் தள்ளிவிட்டார். தன்னுடையதை மட்டும் தொடவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் கதவைச் சாத்தினால் போதும், உள்ளேயிருந்து கிரீச் கிரீச்சென்று சத்தம் வரும்.

"எலியா இருக்கும்," என்றாள் பக்கத்தில் சாலிடர் வைக்கும் அக்கா.

"எந்த எலி தாளம் தப்பாம கத்தும், அக்கா?"

மறுநாள் மேலாளர் கை கழுவப் போன நேரம் பார்த்து, பம்பரம் அந்த நாற்காலிக்கு அடியில், கம்பியில்லாமல் கணினிக்கு அளவு அனுப்பும் ஓர் உணரியை ஒட்டிவிட்டு வந்தாள். கதவு சாத்தப்பட்டது. அவள் திரையில் படுத்துக்கிடந்த கோடு எழுந்தது. காலால் தரையை உந்தும்போதெல்லாம் ஒரு மேடு. பிறகு வழுக்கிக்கொண்டு ஓர் இறக்கம். கொஞ்சம் ஓய்வு. அப்புறம் கோடு கீழ்ப்பக்கமாகப் பாய்ந்தது.

"இப்ப எதிர்ப்பக்கமா சுத்தறாரு," என்றாள்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் குனிந்துவிட்டாள்.

சிரித்து முடிக்கக்கூட நேரமில்லை. குட்டி விமானங்கள் செய்யும் ஒரு பெண்மணி, உணரி வாங்குவதற்காகச் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றார். மேலாளர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே அவரை உள்ளே அழைத்துவந்தார். அந்தம்மாவின் கண் நேராகத் திரைக்குப் போனது.

"ஒவ்வொரு உந்தலும் தனித்தனியா தெரியுதே. இதை எந்தச் சுழல்மேஜையில எடுத்தீங்க?"

"எல்லாம் எங்க சொந்த ஏற்பாடு, மேடம்," என்று மேலாளர் நெஞ்சை நிமிர்த்தினார். "காட்டும்மா."

பம்பரம் முக்காலியை விட்டு எழுந்தாள். "அது... உங்க ரூம்ல இருக்கு, சார்."

"எங்க இருந்தா என்ன? காட்டு."

மூவரும் போனார்கள். அவள் நாற்காலியைச் சாய்த்தாள். அடியில் சின்னப் பச்சை விளக்கு கண் சிமிட்டியது. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"உக்காந்து சுத்தினது யாரு?" என்று கேட்டார் அந்தம்மா.

பழியைத் தானே ஏற்றுக்கொள்ளலாமா என்று பம்பரம் யோசிப்பதற்குள் மேலாளர் தொண்டையைச் செருமினார். "நான்தான், மேடம். சாப்பிட்டது செரிக்கணுமில்ல."

அந்தம்மா சிரிக்கவில்லை. கைப்பையை மேஜைமேல் வைத்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், தரையை ஓங்கி ஓர் உதை விட்டார். கூந்தல் அவிழ்ந்து அவரோடு சேர்ந்து சுற்றியது. இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டே, பெட்டி பெட்டியாக உணரி வேண்டுமென்று சொல்லிவிட்டு, நடை கொஞ்சம் கோணலாகக் கிளம்பிப் போனார்.

மேலாளர் பம்பரத்தைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேலை போச்சு என்றே அவள் நினைத்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்: "அந்தம்மா என்னைவிட வேகமா சுத்தினாங்களா?"

"கொஞ்சம்தான், சார்," என்றாள் பம்பரம். "நீங்க சாப்பிட்ட கையோட சுத்தினீங்கள்ல."