ஏழாவது தட்டு

வாப்பாவின் கடைசிக் குளிப்பாட்டலுக்கான கற்பூரத்தை நிப்லா கிண்ணத்தில் நுணுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து அபீபா மாமியின் குரல் குசினிவரை வந்தது.

"கடைசி மூச்சில கலிமா சொன்னாராம். ஷிஹாம்தான் பக்கத்துல இருந்து கேட்டிருக்கான். தெளிவா சொன்னாராம்."

"அல்லாஹ்வே! நல்ல மவுத்து," என்றாள் இன்னொருத்தி.

நிப்லாவின் கை நின்றது. தெளிவாகவா?

வாதம் வந்து வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்ட நாளிலிருந்து வாப்பா 'தண்ணி' என்றுகூடத் தெளிவாகச் சொன்னதில்லை. நேற்று மாலை அவர் உயிர் பிரிந்தபோது அவள் டவுனில் ஆங்கில வகுப்பில் இருந்தாள். உம்மா தொழுகையில். வீட்டில் மிச்சம் அவளுக்கு மூத்தவன், நானா ஷிஹாம் மட்டும்தான். அவன் அறைக்குள் இருந்தானா என்பதே அவளுக்குச் சந்தேகம். அவள் ஓடி வந்து சேர்ந்தபோது அவனுடைய ஃபோன் வெளி வாசற்படியில் கிடந்தது. கட்டிலருகே நாற்காலி இல்லை. விடிந்ததிலிருந்து அவன் ஒருதரமும் அவள் முகத்தைப் பார்க்கவுமில்லை. நாம்தான் வேண்டாததையெல்லாம் கோத்துப் பார்க்கிறோமோ என்றும் தோன்றியது. தோன்றியும் மனம் விடவில்லை.

வாப்பா நுஹ்மான், தம்புள்ளை வீதியில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் கைட். ஜாதிக்காய் மரத்தடியில் வெள்ளைக்காரர்களை நிறுத்தி, "மிரிஸ்டிகா ஃப்ராக்ரன்ஸ்" என்று இழுத்துச் சொல்வார். ஃப்ராக்ரன்ஸ் என்றால் லத்தீனில் வாசம் வீசுவது என்று விளக்கிக்கொண்டே, பிளந்த காயை அவர்கள் மூக்கருகே நீட்டுவார். பேசிப் பிழைத்த மனிதர்.

வகுப்பில் தனோஜன் சேர் நீளமான ஆங்கிலச் சொற்களை அசை அசையாக உடைப்பார். ஒவ்வோர் அசைக்கும் மேசையில் ஒரு தட்டு. நிப்லா அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவளுடைய உள்ளங்கையில் வாப்பா விரலால் தட்டுவார். தட்டத் தட்டக் குரலும் பின்னால் வந்துவிடும் என்று இருவரும் நம்பினார்கள். தட்டு மட்டும்தான் தேறியது. 'சோறு', 'தண்ணி' எல்லாம் அவருக்கு அலுப்பு. ஜாதிக்காயின் லத்தீன் பெயர்தான் வேண்டும். மி-ரிஸ்-டி-கா, சற்று நிறுத்தி, ஃப்ராக்-ரன்ஸ். ஆறு தட்டு. முடித்ததும் பாதி வாயால் சிரிப்பார். பிறகு, கடைசி மூச்சில் நாவில் இருக்க வேண்டிய கலிமாவையும் பழக்கினாள். லா-இ-லா-ஹ, இல்-லல்-லாஹ். ஏழு. இப்படிப் பழக்கலாமா கூடாதா என்று யாரிடமும் கேட்கப் பயந்து, கதவைச் சாத்திக்கொண்டுதான்.

ஷிஹாம் குசினிக்குள் வந்தான். "கற்பூரம் ரெடியா? கழுவுறவங்க கேக்குறாங்க."

அவள் கிண்ணத்தைக் கொடுக்கவில்லை. "நானா, வாப்பாட குரல் எப்பிடி இருந்திச்சு?"

"எந்தக் குரல்?"

"கலிமா சொன்ன குரல்."

"இப்ப என்னத்துக்கு அது?"

"நீங்க உள்ளுக்கா இருந்தீங்க?"

"பின்ன எங்க இருந்தேன்!"

கூடத்தில் பேச்சு நின்றது. அவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"எல்லாரும் சுத்தி நின்டு கேட்டாங்க. உம்மா என்ட வாயையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. இல்லன்னு எப்பிடிச் சொல்ற?"

"அப்ப சொல்லல்ல."

"சத்தம் வரல்ல நிப்லா. மூச்சு மாறினதும் ஃபோன அப்பிடியே போட்டுட்டு ஓடி வந்தேன். கட்டில்லயே ஏறி ஒக்காந்து கையப் புடிச்சேன். நீ செய்றத ஜன்னலால பாத்திருக்கேன்தானே. அதே மாதிரி என்ட கையில தட்டினாரு."

"எத்தின தட்டு?"

"எண்ணவா தோணும் அந்த நேரம்? தட்டினது மட்டும் கையிலயே இருக்கு. காட்டவா?"

அவள் கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தான். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"இங்க கொஞ்சம் நின்டாரு."

ஜாதிக்காய்ப் பெயருக்கும் கலிமாவுக்கும் அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து. ஆறு. அவன் விரல் மேலே எழும்பியது.

நிப்லா சட்டென்று மறு கையால் எட்டி, அந்தரத்திலேயே அந்த விரலைப் பொத்திப் பிடித்தாள்.

"போதும் நானா."

அவன் கண் திறந்து முதல் தடவையாக அவளைப் பார்த்தான். அவள் கிண்ணத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் போனதும் அபீபா மாமி கதவால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மகள், ரெண்டு பேரும் சத்தம் போட்டீங்க? கலிமா சொல்லித்தானே போனாரு?"

"ஓ மாமி. சொன்னாரு."

மாமி கூடத்துக்குத் திரும்பினாள். நிப்லா உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த கற்பூரத் தூளில், ஒரேயோர் இடம் மட்டும் விரல்நுனி அகலத்துக்கு அழிந்திருந்தது.