பின்வாங்கத் தெரியாத ஆரேலியன்

ஆரேலியன் மோட்டார் கம்பெனியின் 1911ஆம் வருஷத்துப் புதிய வரிசையில் மூன்று கார்கள் இருந்தன: செனட்டர், கவர்னர், ஜட்ஜ். மூன்றுக்கும் ஒரே என்ஜின், ஒரே சக்கரம், ஒரே இருமல். ஜட்ஜுக்கு ஒரு பித்தளை விளக்கு, கவர்னருக்கு இரண்டு, செனட்டருக்கு நான்கு. பதவி உயர உயர வெளிச்சம் கூடும் என்பது கம்பெனியின் நம்பிக்கை. இண்டியானாவில் ஓட்டுப் போட்ட எவருக்கும் அப்படி ஓர் அனுபவம் வாய்த்ததில்லை.

கம்பெனி அச்சடித்த புத்தகத்தின் அட்டையில் ஒரு மலையுச்சி. உச்சியில் செனட்டர். அதற்குள் முகத்திரை காற்றில் பறக்க ஒரு சீமாட்டி. அவளுக்கும் மேலே, இவர்களுக்கு வழிகாட்டிக் களைத்துப்போன ஒரு கழுகு. அடியில் தங்க எழுத்து: "முன்னே மட்டும்! ஆரேலியனுக்குப் பின்வாங்கத் தெரியாது."

எல்வுட் ஸ்ட்ரேக் அந்த அட்டையில்தான் விழுந்தான். ப்ளம் ஃபோர்க் ஊரில் பதினோரு வருஷம் காற்றாலைப் பம்பு விற்று நல்ல பெயர் எடுத்தவன், பம்பு ஏஜென்சியை உதறிவிட்டு ஆரேலியன் ஏஜென்சி எடுத்தான். எடுத்த கையோடு மாமனார் குஸ்தாவ் டிரெஷரின் வினிகர் ஆலை வாசலில் போய் நின்று, "இனிமே உங்ககிட்ட வேலை கேட்டு இந்த நாத்தத்துக்குள்ள கால் வெப்பேன்னு கனவுல கூட நினைக்காதீங்க மாமா" என்று அறிவித்தும் விட்டான். மாமனார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கூடத் தாங்கியிருக்கலாம்.

"பீப்பா கழுவுற எடத்துல ஒரு ஏப்ரன் மாட்டி வெச்சிருக்கேன் மாப்ளே" என்றார் அவர். "உங்க அளவுதான். அவசரமில்ல."

ஐந்து மாதம் ஆயிற்று. ஒரு ஜட்ஜ் கூட விற்கவில்லை. கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: வருகிற சனிக்கிழமை ஊரில் கம்பெனி நடத்தும் கார்க் கண்காட்சி முடிவதற்குள் மூன்று ஆர்டராவது கையெழுத்தாக வேண்டும். இல்லையேல் ஏஜென்சி எதிர்க்கடை இரும்புச் சாமான் வியாபாரி காஸ் ரகிள்ஸுக்குப் போகும். கடிதத்துக்குப் பின்னாலேயே, கம்பெனியின் விளம்பர இயக்குநர் மிஸ்டர் பெர்சிவல் லான்ட்ரெத் வெள்ளிக்கிழமை ரயிலில் வந்து இறங்கினார். கூடவே ஒரு ஜட்ஜ் காரும், நாற்பதடி நீளத்துக்கு ஒரு பேனரும், மீசைக்கு மெழுகும்.

"நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணி" என்றார் லான்ட்ரெத், எல்வுட்டின் கடைக்குள் கையுறையைக் கழற்றாமலே. "கோர்ட்டு வாசல்ல பதினெட்டு படி இருக்காமே? ஜட்ஜ் அதுல ஏறும். ஜனங்க மயங்கி விழுவாங்க. நீங்க பேனாவோட நில்லுங்க."

எல்வுட் தலையை ஆட்டினான். "சார், அது ஏறாது."

"என்னது?"

"மூக்கை மேல வெச்சு ஏறாது சார். பெட்ரோல் தொட்டி சீட்டுக்கடியில இருக்கு, என்ஜின் முன்னாடி இருக்கு. மேடு ஏறும்போது என்ஜின் தொட்டியவிட ஒசரத்துக்குப் போயிடுது. பெட்ரோல் என்ன, மேல் பக்கமாவா பாயும்? எங்க வீட்டு மேட்டுல பாதியில நின்னுடும். நான் வண்டியத் திருப்பி ரிவர்ஸ்லதான் வீடு போய்ச் சேர்றேன்."

உண்மைதான். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஊரே கண்ணை மூடிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து, எல்வுட் கடையில் காட்டுவதற்கு வைத்திருந்த காரில் தன் வீட்டு மேட்டில் பின்பக்கமாக ஏறிப் பழகியிருந்தான். மனைவி அடீலியாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

லான்ட்ரெத் ஒரு நோயாளியைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தார். "மிஸ்டர் ஸ்ட்ரேக், ஜனங்க தொட்டி வாங்க வரல. உயர்வை வாங்க வர்றாங்க."

"உயர்வுலதான் சார் நின்னு போகுது."

"நம்ம கம்பெனி இருக்கிற டெட்ராய்ட்டுல இதுவரைக்கும் ஒரு வண்டி கூட மேட்டுல நின்னதில்ல."

"டெட்ராய்ட்டுல மேடு எங்க சார் இருக்கு?"

லான்ட்ரெத் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆரேலியன் யாருக்கும் முதுகு காட்டாது. நாளைக்கு நான்தான் ஓட்டப்போறேன்."

கோர்ட்டுப் படியில் கார் ஏற்ற அனுமதி சுலபமாகவே கிடைத்தது. காரின் பெயரைக் கேட்டதும் நீதிபதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த வரிசையிலேயே மலிவானது அதுதான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாவட்டமே வந்திருந்தது. தீயணைப்புப் படையின் வாத்தியக் குழு, தங்களுக்குத் தெரிந்த ஒரே பாட்டை மூன்று வேகத்தில் வாசித்தது. மெதடிஸ்ட் சபைப் பெண்கள் படிக்கு நேர் கீழே எலுமிச்சைச் சாறு கடை போட்டிருந்தார்கள். தூண்களுக்கு நடுவே பேனர்: முன்னே மட்டும்!

முதல் வரிசையில், இறந்துபோன குருவி ஒன்றைச் செருகிய தொப்பியும் ஆண்பிள்ளை பூட்ஸுமாக ஹுல்டா பிராண்ட் அம்மாள் நின்றிருந்தாள். ஓடைக்கு அப்பால் குன்றின் மேல் இருநூறு ஏக்கர் வைத்திருக்கும் விதவை. அவள் வசந்தத்தில் ஒரு கலப்பை வாங்கினால், அறுவடைக்குள் ஊரே அந்தக் கலப்பையை வாங்கிவிடும். எல்வுட்டின் கண் அவள் மேலேயே இருந்தது. அவள் கண் காரின் அடிவயிற்றில் இருந்தது.

லான்ட்ரெத் இருபது நிமிஷம் பேசினார். ரோமாபுரி வந்தது, நெப்போலியன் வந்தார், மனித ஆன்மாவின் தாகம் வந்தது. குதிரை என்கிற பிராணி இன்றோடு ஓய்வு பெறுகிறது என்றார். வேலியோரம் கட்டியிருந்த நூற்றுச் சொச்சம் குதிரைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. பிறகு கண்ணாடி மாட்டி, கோட்டை உதறி, காரில் ஏறினார். எல்வுட் முன்னால் குனிந்து கைப்பிடியைச் சுழற்றினான். ஜட்ஜ் உறுமியது. முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி. கூட்டம் 'ஓ' என்றது. ஆறாம் படியில் ஜட்ஜ் ஒருமுறை விக்கியது. ஏழாம் படியில் உயிரை விட்டது. பின்வாங்கத் தெரியாத கார் ஏழு படியையும் பின்வாங்கியே இறங்கி, எலுமிச்சைச் சாறு கடைக்குள் புகுந்து நின்றது.

"குதிரையப் பூட்டுய்யா!" என்று யாரோ கத்தினார்கள்.

"எங்கிட்ட கோவேறு கழுதை ஒண்ணு சும்மாதான் நிக்குது!" இது காஸ் ரகிள்ஸ். "அதுக்கும் பிடிவாதம் உண்டு, ஆனா படி ஏறும்!"

"என் ஜாடிய யாரு குடுப்பா?" என்றாள் ஒரு மெதடிஸ்ட்.

இரண்டாம் முறை ஐந்து படி. மூன்றாம் முறை நான்கு. ஜட்ஜ் விஷயத்தைப் புரிந்துகொண்டுவிட்டது, லான்ட்ரெத்துக்குத்தான் புரியவில்லை என்று தோன்றியது. அவர் மீசையில் ஒரு பக்கம் மெழுகு உருகித் தொங்கியது.

கூட்டத்தின் ஓரத்தில் மாமனாரின் தலை தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. கையில் மடித்த துணி ஒன்று இருந்தது. கைக்குட்டையாக இருக்கலாம். கைக்குட்டைக்கு நாடா இருக்காது.

எல்வுட் காரருகே போனான். "சார், எறங்குங்க."

"பேனருக்குக் கீழயா? முதுகைக் காட்டிக்கிட்டா?"

"உங்களுக்கு டெட்ராய்ட் இருக்கு சார். எனக்கு வினிகர்தான் இருக்கு. எறங்குங்க."

லான்ட்ரெத் இறங்கினார், இறங்கினார் என்பதைவிட இறக்கப்பட்டார். எல்வுட் காரைத் திருப்பினான். பின்பக்கம் படியைப் பார்க்க, மூக்கு ஜனங்களைப் பார்க்க, ரிவர்ஸ் கியரைப் போட்டான். தொட்டி உயரத்தில், என்ஜின் தாழ்வில். பெட்ரோல் சமர்த்தாக இறங்கியது. ஜட்ஜ் தடதடவென்று, ஒரு பெரிய மனிதர் மரியாதையாக விடைபெறுவது போல, கூட்டத்தைப் பார்த்தபடியே பதினெட்டுப் படியும் ஏறிக் கோர்ட்டுக் கதவை முதுகால் தட்டி நின்றது. பேனர் அதன் தலைக்கு மேலே ஆடியது: முன்னே மட்டும்!

பிறகு எழுந்த சிரிப்பில் வேலியோரத்துக் குதிரைகள் மிரண்டன.

லான்ட்ரெத் இந்த மாதிரி நேரத்துக்கென்றே பிறந்தவர். மேல்படிக்கு ஓடிக் கையை உயர்த்தினார். "கவனிச்சீங்களா பெரியோர்களே! ஏறும்போதும் தன் நண்பர்கள் முகத்தைப் பார்த்துக்கிட்டே ஏறுற ஒரே கார்!"

"அப்ப நான் வீட்டுக்குப் போறப்ப எல்லாம் ஊரைப் பார்த்துக்கிட்டே போகணுமா?" என்றாள் ஹுல்டா அம்மாள். "இந்த மூஞ்சிங்கள விட்டுட்டுப் போறதுக்குத்தான்யா நான் வீட்டுக்கே போறேன்."

சிரிப்பு இன்னொரு சுற்று போனது. அவள் மட்டும் சிரிக்காமல் படியேறி வந்து, பூட்ஸ் முனையால் சக்கரத்தைத் தட்டினாள். "தம்பி, நீ சொல்லு. இது ரிவர்ஸ்ல மட்டும் ஏன் இந்த இழுப்பு இழுக்குது?"

"பெட்ரோல் சரியா வருதும்மா. அதோட, இருக்கிற கியர்லயே ரொம்ப மெதுவானது அதுதான். இழுவை ஜாஸ்தி."

"எவ்வளவு ஜாஸ்தி? அடிக்கட்டை பிடுங்குமா?"

லான்ட்ரெத் நெஞ்சில் கை வைத்தார். "மேடம், இது ஒரு ஆரேலியன்!"

"உங்க கிட்ட கேக்கலய்யா. எனக்குப் பன்னெண்டு ஏக்கர் பூரா வெட்டின மரத்து அடிக்கட்டை. அங்க நெப்போலியன் வந்து நின்னா, அவனையும் ஒரு கட்டையத் தோண்டச் சொல்லுவேன்."

கோர்ட்டுப் புல்வெளியில் இடி விழுந்த எல்ம் மரத்தின் அடிக்கட்டை ஒன்று இருந்தது. அதை அகற்றுவதென்று மாவட்ட சபை ஒன்பது வருஷத்தில் ஒன்பது தீர்மானம் போட்டிருந்தது. ஒவ்வொன்றும் ஏகமனதாக நிறைவேறியது. எல்வுட் காரைக் கீழே இறக்கினான். சங்கிலி வேண்டும். ஊரில் சங்கிலி விற்பவன் ஒருவன்தான். காஸ் ரகிள்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்து வந்து கொடுத்தான். அவனுக்கும் வேடிக்கை பார்க்க ஆசை.

சங்கிலியின் ஒரு முனை கட்டையில், மறுமுனை முன் அச்சில். எல்வுட் ரிவர்ஸ் போட்டான். சங்கிலி விறைத்தது. சக்கரம் புல்லைக் கிழித்தது. ஜட்ஜ் நடுங்கியது. எல்வுட்டுக்குக் கண்ணெதிரே கட்டை, கட்டைக்குப் பின்னால் கூட்டம், கூட்டத்தில் மாமனார். வந்துவிடு, வந்துவிடு என்று பல்லைக் கடித்தான். மண் வெடித்தது. ஒன்பது தீர்மானங்களின் வேரும் ஒரேயடியாகக் கிளம்பி வெளியே வந்து விழுந்தது.

"பரவால்லியே" என்றாள் ஹுல்டா அம்மாள். அவள் வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சக் கவிதை அது. "உக்காந்த எடத்துலேர்ந்தே கட்டையப் பார்த்துக்கிட்டு இழுக்கலாம். மாட்டை ஓட்டினா கழுத்தைத் திருப்பித் திருப்பி சுளுக்கிடுது. எங்கய்யா கையெழுத்து?"

"மேடம், தங்கள் அந்தஸ்துக்கு செனட்டர்தான்..." என்று லான்ட்ரெத் மூச்சைப் பிடித்து ஆரம்பித்தார்.

"நாலு விளக்கு வெச்சுக்கிட்டு நான் எந்தக் கட்டையத் தேடப்போறேன்? தம்பி, மூணுக்கும் என்ஜின் ஒண்ணா, வேறயா?"

எல்வுட் ஒருகணம் லான்ட்ரெத்தைப் பார்த்தான். "ஒண்ணுதாம்மா."

"ஜட்ஜே போதும். அந்த மெத்தையக் கழட்டிடு. சேத்து பூட்ஸோட ஏறணும்."

அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. வெயில் சாய்வதற்குள் ஐந்து ஜட்ஜ். அதில் மூன்று மெத்தை இல்லாமல், ஒன்று விளக்கே இல்லாமல். லான்ட்ரெத் ஒவ்வொரு படிவத்திலும் ஒப்பமிடும்போது, தன் குழந்தையைப் பண்ணை வேலைக்கு அனுப்புகிறவர் போலக் கண்ணை மூடிக்கொண்டார். ரயிலேறும்போதுதான் தெளிந்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் எடுத்த படம் கைக்கு வந்திருந்தது: படியின் நடுவே ஜட்ஜ், மூக்கு கீழ்நோக்கி. பின்னாளில் கம்பெனிப் புத்தகத்தில் அந்தப் படம் முழுப்பக்கத்துக்கு வந்தது. அடியில் தங்க எழுத்து: "பதினெட்டுப் படிகளிலும் மலர் போல இறங்கும் ஆரேலியன். நிகரற்ற பிரேக்குகள்!"

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்வுட்டும் அடீலியாவும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மேடு தொடங்குமிடத்தில் வினிகர் ஆலை. வாசலில் மாமனார், கையில் அதே மடித்த துணி.

"இதைத் திரும்ப உள்ள மாட்டட்டுமா மாப்ளே?"

"வேற யாருக்காவது அளவெடுங்க மாமா."

எல்வுட் பட்டப்பகலில், ஊர் பார்க்க, காரைத் திருப்பினான். ரிவர்ஸ் போட்டான். அரை மைல் மேடு. முன்னோக்கிப் போகிற காராக இருந்தால் ஒரு நொடியில் முதுகு திரும்பியிருக்கும். மாமனாரை வழி நெடுக முகத்துக்கு நேரே பார்த்துக்கொண்டே போகும் பாக்கியம் எந்தக் குதிரைக்காரனுக்கும் கிடைத்ததில்லை.

"ஏங்க, தொப்பிய எடுத்துக் கும்பிட்டது போதும், போடுங்க" என்றாள் அடீலியா. "அப்பா உள்ள போயிட்டாரு."

"ஆலை இன்னும் தெரியுதே" என்றான் எல்வுட்.